யாருய்யா இந்தத் தூமணி?

படகுக்குப் பேர் எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கை நடுங்கினால்கூடச் சமாளித்துவிடலாம், சந்தேகப் புத்தி இல்லாவிட்டால் ஒரு நாள் ஓட்ட முடியாது. சிரிக்காதீர்கள். பழவேற்காட்டு ஏரிக்கரையிலும் கடலோரக் குப்பங்களிலும் இத்தனை வருஷமாக பிரஷ் பிடித்தவன் சொல்கிறேன். இங்கே போட்டுக்குப் பேர் என்பது சும்மா அழகுக்கு இல்லை. சாமி பேர் இருக்கும், மூத்த பெண் பேர் இருக்கும், செத்துப்போன நைனா பேர் இருக்கும். கரையில் நிற்கிற பெண்கள் போட்டின் பக்கவாட்டில் இருக்கிற பேரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, "நம்முது வந்துகினு கீது" என்று கூடையைத் தூக்குவார்கள்.

அதனால் புதுசாக ஒரு பேர் ஏறினால் ஊரே கேட்கும். யார் அது, எந்த வீடு, எதற்கு? கேட்பதை எழுதச் சொன்னவனிடம் கேட்கமாட்டார்கள், எழுதினவனிடம்தான் கேட்பார்கள். அடுத்தவன் வீட்டு விஷயத்தைத் தெரிந்தோ தெரியாமலோ கையில் வைத்துக்கொண்டு முழிக்கிற தொழில் உங்களுக்கும் வாய்த்திருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

எந்தப் பக்கம் யாருக்கு

தனசேகர் என்று ஒரு பையன். கல்யாணமான புதுசு. "ஒரு பக்கம் எங்கம்மா பேரு, இன்னொரு பக்கம் ஊட்டுக்காரி பேரு, ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ்"னு சொன்னான். எனக்கு அப்போதே உதைத்தது. போட்டைக் கரை ஏற்றினால் ஒரு பக்கம் ஊரைப் பார்க்கும், ஒரு பக்கம் தண்ணியைப் பார்க்கும். ஊரைப் பார்க்கிற பக்கம் யார் பேர் இருக்கும் என்று கேட்டேன். "அதெல்லாம் எங்கூட்ல அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்கணா" என்றான். எனக்கு நம்பிக்கை இல்லை. எழுதினேன்.

முதல் நாள் அம்மா பேர் ஊரைப் பார்த்து நின்றது, பையனுக்கு வீட்டில் சோறு இல்லை. மறுநாள் திருப்பி நிறுத்தினான், அம்மா மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். இப்போது அவன் மட்டும் மூக்கு நேராக ஊரைப் பார்க்கிற மாதிரி போட்டை நிறுத்துகிறான். எவர் பேரும் எவர் கண்ணிலும் படாது. என் கூட்டாளி காசிம் பாய், போட்டுகளுக்குப் பதிவு எண் மட்டும் எழுதுகிறவர், அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதுக்குத்தான் வாத்யாரே நான் நம்பரோட நிறுத்திக்கிறேன். நம்பருக்கு மாமியார் கெடையாது."

ஏழுமலை கொண்டுவந்த பேர்

இனி சொல்வதெல்லாம் ஏழுமலை கதை. நல்ல தொழில்காரன், வாய் மட்டும் திறக்கமாட்டான். முன்பு அப்படி இல்லை. முதல் பெண் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என்னிடம்தான் ஓடிவந்தான். குழந்தைக்கு வைத்த பேரை அந்த வாரமே போட்டில் எழுதிக் கொடுத்தேன். ஊர் மொத்தமும் போய்க் கொஞ்சியது. இப்படி ஒரு நிறமா, இப்படி ஒரு கண்ணா என்று ஒரே பேச்சு. மாதம் திரும்புவதற்குள் காய்ச்சல் கண்டு அதே ஆஸ்பத்திரியில் குழந்தை போய்விட்டது. அந்தப் பேரைச் சுரண்டி எடுத்ததும் நான்தான். அதற்கப்புறம் அவன் போட்டில் காசிம் பாய் எழுதின நம்பரைத் தவிர ஒன்றும் கிடையாது.

இப்போது அவன் பெண்டாட்டி வள்ளிக்கு மறுபடியும் மாசம் ஏறியிருந்தது. வீட்டில் தொட்டில்கூட வாங்கவில்லை. பிறக்கிறதுக்கு முன்னால் எதையும் வாங்கக் கூடாது, பேரைப் பற்றிப் பேசவே கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இந்த நேரத்தில் ஒரு நாள் ஏழுமலை வந்து நின்றான். "தூமணினு எழுதுணா. நல்லா பெரிசா, ஊருக்கே தெரியற மாதிரி."

தூமணி! சாமியா என்றால் இல்லை. அத்தை, சின்னம்மா, அக்கா என்றால் தலையை ஆட்டுகிறான். எங்கள் குப்பத்திலும் அந்தப் பேர் இல்லை, பக்கத்துக் குப்பத்திலும் இல்லை. பொம்பளை பேர் என்று மட்டும் தெரிகிறது. பெண்டாட்டி வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும்போது எவள் பேரைக் கொண்டுவருகிறான் இவன்? எனக்கு உள்ளே கொதித்தது. "யாருடா அவ?" என்று கேட்டே விட்டேன். அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எழுதத்தானே உன்ன கூப்ட்டேன், விசாரிக்கவா கூப்ட்டேன்?"

டீக்கடை ஆராய்ச்சி

பெயின்ட் காய்வதற்குள் பேர் கண்ணையன் டீக்கடைக்குப் போய்விட்டது. நான் சொல்லவில்லை, காசிம் பாய் மேல்தான் எனக்குச் சந்தேகம். கண்ணையனுக்கு எல்லாம் தெரியும், டீயில் எவ்வளவு பால் ஊற்றுகிறார் என்பது மட்டும் தெரியாது. அவர் அடித்துச் சொன்னார், இது தெலுங்குக்காரப் பேர், எளாவூர் செக்போஸ்ட் தாண்டி ஆந்திராவுக்குள் போனால் வீட்டுக்கு வீடு தூமணிதான் என்று. அந்தப் பக்கத்திலிருந்து மீன் எடுக்க வந்த ஒருவர், "மா ஊர்ல இந்தப் பேர் லேதுபா" என்று கையை விரித்துவிட்டார். உடனே பேச்சு காட்டுப்பள்ளிக்குத் தாவியது. ஏழுமலை போன மழைக்காலத்தில் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனானே, அங்கே எவளோ மாட்டியிருப்பாள் என்றார்கள்.

பொன்னேரியிலிருந்து இறால் வாங்க வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அர்த்தம் சொன்னார். சுத்தத் தமிழாம். தூ என்றால் தூய்மை, ஒரு மறுவும் இல்லாத மணி என்று பொருளாம். பழைய பாட்டுகளில் அந்தச் சொல் வருமாம், ஆனால் தன் சர்வீஸில் ஒரு பெண்ணைக்கூட அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். யாரோ போனில் தேடினார்கள். ஒரு நகைக்கடை வந்தது, ஒரு கல்யாண மண்டபம் வந்தது, பொம்பளை வரவில்லை. கண்ணையன் கிளாஸை டக்கென்று வைத்தார்: "பாத்தியா, போன்லகூட மாட்டாத பொம்பள! எம்மாம் கில்லாடியா இருப்பா!"

மண்

நான்காவது வீட்டில் தும்மினால் இங்கே கேட்கும், வள்ளிக்கு மட்டும் தெரியாமல் இருக்குமா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்தாள். நான் வேறு ஒரு போட்டுக்கு அடியில் குனிந்திருந்தேன். கேட்காத மாதிரி இன்னும் குனிந்தேன்.

"இன்னாணா, மொகத்த மறைக்கற? உனக்குத் தெரியாம இந்தக் கரைல ஒரு எழுத்து ஏறாது. யாரு அவ?"

"சத்தியமா தெரியாதும்மா."

"உம்மேலயும்தான் எனக்கு டவுட்டு. அந்தாளுக்குக் காவல் நிக்கறியா?"

அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஏற்கெனவே ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள். இந்த நேரத்தில் புருஷனையும் எவளுக்கோ கொடுத்துவிட்டோமோ என்ற பயம் முகத்தில் அப்படியே தெரிந்தது. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் நேராக ஏழுமலை போட்டுக்குப் போனாள். குனிய முடியாமல் குனிந்து, மண்ணை இரண்டு கையாலும் வாரி அந்தப் பேர் மேல் தூற்றினாள். "இந்தப் பேரு வெளங்காம பூடணும்! நாசமாப் போவணும்!" மீன் ஏலத்துக்கு வந்திருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டு தூமணியின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தார்கள். ஏழுமலை வலையைச் சிக்கெடுத்துக்கொண்டு அதே கரையில்தான் இருந்தான். நிமிரவில்லை. போகும்போது வள்ளி என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்: "நாளைக்கு இத்த சொரண்டி எடு. இல்லன்னா எங்கம்மா ஊட்டுக்குப் பூடுவேன், பொறக்கற புள்ளைய அந்தாளு கண்ணால பாக்கமாட்டான்."

சுரண்டப் போன கை

மறுநாள் காலையில் தின்னர் டப்பாவோடு போனேன். எழுதச் சொன்னவனைக் கேட்காமல் அழிப்பது எங்கள் தொழிலில் இல்லை. ஆனால் வள்ளி துணிப்பையோடு வந்து நின்றுவிட்டாள், அம்மா வீட்டுக்குக் கிளம்பின கோலம். நான் துணியை நனைக்கும்போது ஏழுமலை ஓடிவந்து என் கையைப் பிடித்தான்.

"அழிக்காதணா."

"அப்ப யாருனு சொல்லு" என்றாள் வள்ளி.

அவன் என் கையை விட்டான். "நம்ம கொழந்த போனன்னிக்கு ஆஸ்பத்திரில உன் தலைய மடில வெச்சிகினு ஒக்காந்திருந்துச்சே ஒரு சிஸ்டரு. ட்யூட்டி முடிஞ்சும் ஊட்டுக்குப் போவல. உன்னோட சேந்து அதுவும் அழுதுச்சி. அது பேரு சட்டைல குத்தியிருந்துச்சி."

வள்ளி வாயில் கை வைத்தாள். நாம் நர்ஸம்மாக்களை சிஸ்டர் என்று கூப்பிடுவதோடு சரி, பேரை எவன் பார்த்தான்? ஆனாலும் அவள் விடவில்லை. "அவங்க பேர போட்டுல எதுக்கு எழுதின?" என்றாள். ஏழுமலை அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தான். எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது, பிறக்கப்போகிற பிள்ளைக்கு வைக்க நினைத்த பேர் அது. வழக்கப்படி வாய் திறக்கக் கூடாது என்றுதான் இத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டு ஊமையாக இருந்திருக்கிறான்!

வள்ளிக்கும் உறைத்துவிட்டது. அப்படியே மணலில் உட்கார்ந்தாள். "ஐயோ, நானே மண்ண வாரித் தூத்துனனே! என் வாயாலயே நாசமாப் போவணும்னு சொன்னனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் நினைக்காததா, டீக்கடையில் சிரிக்காததா?

"பையன் பொறந்தா இன்னாடா பண்ணுவ?" என்று உளறினேன்.

"போட்டுக்கே இருந்துட்டுப் போவட்டும்" என்றான். அப்புறம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். "அழுவாதடி. ஊரு கண்ணும் வாயும் மொதல்ல போட்டு மேல போவட்டும்னுதான் பெரிசா எழுதச் சொன்னேன். மொத கொழந்தைய ஊரே கொஞ்சிச்சி, இன்னா ஆச்சி? இந்தப் பேர ஊரே திட்டட்டும்."

பேர் பரவிய விதம்

பெண்தான் பிறந்தது. நல்லபடியாகப் பிறந்தது, நல்லபடியாக இருக்கிறது. வள்ளியின் அம்மா, ஒன்றைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்ததற்குக் குப்பம்மா என்று வைத்தால்தான் தங்கும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "தூமணி வாங்காத திட்டையா குப்பம்மா வாங்கிடப் போறா?" என்று வள்ளி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

அப்புறம்தான் எனக்குப் பேஜார் ஆரம்பித்தது. பக்கத்துக் குப்பங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஊரில் இல்லாத பேராகக் கொண்டுவருகிறார்கள், யார் என்று கேட்டால் ஏரியைப் பார்க்கிறார்கள். தூமணி என்றே இன்னொரு போட்டும் வந்துவிட்டது. போன வாரம் ஒருவன் எழுதச் சொல்லிவிட்டு, என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் காதில் சொன்னான்: "அண்ணா, அப்டியே டீக்கடைல கொஞ்சம் தப்பா பேசி வுட்ரு."

ஒரு நாள் காலையில் வள்ளி ஏலத்துக்கு வந்தவள் இடுப்பில் பிள்ளையோடு என்னிடம் வந்தாள். அது என்னைப் பார்த்துப் பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தது. "அடி என் தங்..." என்று ஆரம்பித்தேன். வள்ளி சட்டென்று என் வாயைப் பொத்தாத குறை: "அண்ணா, கொஞ்சாத! நல்லதா ரெண்டு வார்த்த திட்டிட்டுப் போ!"

இத்தனை வருஷம் இந்தக் கரையில் ஒருத்தரையும் விடாமல் சந்தேகப்பட்டு வாய்க்கு வந்தபடி பேசின எனக்கு, அந்தப் பொடிசைத் திட்ட மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை.