அக்காவுக்கு ஒரு புள்ளி

லிப்ட் வருவதற்குள் இவர் அதன் கதவில் விரலால் ஒரு கட்டம் போட்டுவிடுகிறார். பக்கத்தில் இன்னொரு கட்டம். நடுவே ஓர் அம்பு. கதவு திறந்து கட்டங்கள் பிளந்து போனால் முகம் சுளிக்கிறார். உள்ளே நிற்பவர்கள் தங்களைப் பார்த்துத்தான் சுளிக்கிறார் என்று நினைத்து ஒதுங்கி இடம் விடுகிறார்கள்.

அலுவலகத்தில் இவருக்குப் பெயர் ‘கட்டம் சார்’. மென்பொருள் கட்டமைப்பாளர். அது என்ன உத்தியோகம் என்று மாமனார் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாராம். “எந்த புரோகிராம் எதுகூடப் பேசணும், ஒண்ணு படுத்துட்டா எது எழுந்து நிக்கணும்னு முடிவு பண்றது மாமா.” “அப்ப தரகர் வேலைன்னு சொல்லுங்க மாப்பிள்ளை.”

சிறுவயதில் வீட்டு ரேடியோவை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி அப்பாவிடம் வாங்கிய அறையை இன்றும் பெருமையாகச் சொல்வார். தலை நரைத்தும் அந்த மோகம் தணியவில்லை. புதுக் கருவி வாங்கினால் பெட்டியைக் கிழிக்காமல் பதமாகப் பிரித்து, கையேட்டை ஒரு வரி விடாமல் படிக்கிறார். படித்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். மனைவி இருந்தவரை வெங்காயம் நறுக்கிக்கொண்டே “அப்படியா?” என்பார். அவர் போய்ச் சேர்ந்தபின் வீட்டில் குரல் கொடுப்பவை எந்திரங்கள் மட்டும்தான். குளிர்பெட்டி கதவு மூடவில்லை என்று கத்தினால், “இதோ வந்துட்டேம்மா” என்று எழுந்து போகிறார்.

வெளியூரில் இருக்கும் அக்கா, ஓய்வு பெற்ற நர்ஸ், துக்கத்துக்கு வந்து திரும்பும்போது ஒரு கட்டளை போட்டார். “டேய், நீ கதையெல்லாம் பேச வேண்டாம். காலைல எழுந்ததும் போன்ல எனக்கு மெசேஜா ஒரு புள்ளி வை. வரலைன்னா ஆளை அனுப்பிக் கதவை உடைக்கச் சொல்லிடுவேன்.” இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் கட்டும் அமைப்புகளில் எந்திரங்களும் இதைத்தான் செய்கின்றன. ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கும். பேச்சு நின்றால் மற்றது ஓடி வரும்.

கொஞ்ச காலம் ஒழுங்காகப் புள்ளி வைத்தார். கை சும்மா இருக்குமா? தானாகவே புள்ளி போகும்படி ஒரு புரோகிராம் எழுதிவிட்டார். சந்தேகம் வராமலிருக்க ஒருநாள் சற்று முந்தியும் ஒருநாள் பிந்தியும் போகும். அக்காவுக்கு வாயெல்லாம் பல். “எதையுமே உருப்படியா செய்யாத பய, இதுல மட்டும் ஒருநாள் தவறல பாரு” என்று ஊரெல்லாம் சொன்னார். ஒவ்வொரு புள்ளிக்கும் “சரிடா” என்று பதில் போட்டார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு அசையவில்லை. போன் படுக்கையறையில். கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஆனாலும் பயப்படவில்லை. காலையில் புள்ளி போகாது, அக்கா ஆள் அனுப்புவார் என்று கிடந்தார். விடிந்தது. படுக்கையறையில் ‘டிங்’ என்றது போன். அக்காவின் “சரிடா”.

அப்போதுதான் உறைத்தது. ஈரத்தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, இந்தக் கெட்டிக்காரர் குழந்தைபோல் அழுதார்.

கைக்கெட்டிய வாளித் தண்ணீரைக் குடித்துக் கிடந்தார். திங்கட்கிழமையும் ‘டிங்’ என்றது. கூட்டத்துக்கு ஆளைக் காணோமென்று தேடி வந்த அலுவலக டிரைவர்தான் கதவை உடைத்தார்.

ஆஸ்பத்திரிக்கு அக்கா ஓடி வந்தார். “புள்ளி வந்துதேடா!” இவர் உண்மையைச் சொன்னார். அக்கா திட்டவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்தபடி கேட்டார். “அப்ப இத்தனை நாளா நான் யாருக்குடா சரி சரின்னு சொல்லிட்டிருந்தேன்?”

இவர் தேறியதும் அக்கா ஊருக்குப் போய்விட்டார். வீடு திரும்பியதும் இவர் செய்த முதல் காரியம், அந்தப் புரோகிராமை அழித்தது. இப்போது காலையில் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, படுக்கையில் உட்கார்ந்து தன் கையாலேயே புள்ளி வைக்கிறார். அக்கா பார்த்துவிட்டதைப் போன் காட்டுகிறது. “சரிடா” மட்டும் வருவதில்லை. அடுப்பைப் பற்றவைக்காமல் காத்திருக்கிறார். குளிர்பெட்டி கத்துகிறது, எழுந்து போகவில்லை. கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அந்தப் புள்ளிக்குக் கீழே இன்னொரு புள்ளி வைக்கிறார்.