மய்யித்து வீட்டில் சொன்ன ஹதீஸ்

‘மைமூன் பீவி, விதவை, தொழில் ஏதுமில்லை, பிறரைச் சார்ந்து வாழ்பவர்’ என்கிறது முதியோர் உதவித்தொகைச் சான்றிதழ். லெப்பைக்குடிக்காட்டில் அவரைச் சாராமல் எந்தப் பெண்ணும் மையவாடிக்குப் போய்ச் சேர்ந்ததில்லை என்பது தாலுகா ஆபீஸுக்குத் தெரியாது. பெண்கள் மவுத்தானால் அடக்கத்துக்கு முன் மய்யித்தைக் குளிப்பாட்டுவது அவர்தான்.

தண்ணீரின் சூட்டைப் புறங்கையில் பார்த்துத்தான் ஊற்றுவார். மய்யித்துக்கு நோகும் என்பார். உயிரோடு இருப்பவர்களிடம் அத்தனை பதம் பார்ப்பதில்லை. கதறிக்கொண்டு மேலே விழுகிறவர்களை வைத்துக்கொண்டு வேலை ஓடாது. அதற்கென்று ஒரு ஹதீஸ் வைத்திருந்தார். "நீங்க அழுதா கபுருக் குழியில அவங்களுக்குத்தான் வேதனை. நபி சொல்லியிருக்காங்க." மாமியாரிடம் கேட்டது, மாமியார் ஏதோ மார்க்கப் பயானில் கேட்டது. சொன்ன மாத்திரத்தில் வீடு அடங்கிவிடும். சொந்த மகன் ரியாத்தில் லாரி மோதி மவுத்தாகி அங்கேயே அடக்கமானபோதும் அதையே தனக்குச் சொல்லிக்கொண்டு, துக்கம் கேட்க வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். ஊரே மெச்சியது.

போன மழைக்காலத்தில் பக்கத்துத் தெரு அஃப்ரினின் அம்மாவைக் குளிப்பாட்டினார். கல்யாண வயதுப் பெண் அஃப்ரின், அவளிடமும் அதையே சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு எதையோ விழுங்கினாள். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டது.

மறுவாரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாசலில் வந்து நின்றாள்.

"மாமி, காலைல எந்திரிக்கையில ஒரு சொட்டு வந்துருச்சு. நானா அழுவல. அம்மாவுக்கு நோவுமா?"

"ஒரு சொட்டுக்கெல்லாம் ஒண்ணுமில்ல, போ."

"அப்ப எத்தனை சொட்டுக்கு?"

பிறகு தினமும் வந்தாள். வெங்காயம் நறுக்குவதை விட்டிருந்தாள். சோறும் இறங்கவில்லை, ஆள் பாதியாகிவிட்டாள். மைமூன் பீவிக்கு அந்த விழுங்கும் சத்தம் குழாயடியில் கேட்டது, தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவில் கேட்டது. குளிப்பாட்டப் போன இன்னொரு வீட்டில், வழக்கம்போல எல்லாரையும் அடக்கி வெளியே அனுப்பிய பிறகு, முதுகுக்குப் பின்னால் யாரோ விழுங்கினார்கள். திரும்பிப் பார்த்தால் மய்யித்து மட்டும்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனார்.

"அந்த ஹதீஸ் பொய்யா, ஹஜ்ரத்?"

"பொய்யில்லம்மா, ஸஹீஹ், ஆதாரமுள்ளது. நபியவங்ககிட்டேருந்து கேட்டு ஒருத்தருக்கொருத்தர் அறிவிச்சவங்க வரிசையில ஒரு ஓட்டை கிடையாது."

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"ஆனா நபியவங்க மனைவி ஆயிஷா நாயகி அதைக் கேட்டதும் மறுத்தாங்க. சொன்னவரு பொய் சொல்ற ஆளில்ல, மறந்திருப்பாருன்னாங்க. ஒருத்தர் சுமையை இன்னொருத்தர் சுமக்கறதில்லன்னு குர்ஆன் சொல்லுதே, நபியவங்க ஏதோ ஒரு மய்யித்தைப் பத்தித்தானே அப்படிச் சொன்னாங்கன்னாங்க. அதுவும் ஸஹீஹ்தான். ஒப்பாரி வைக்கிறதைத்தான் தடுத்ததுன்னு சொல்ற, மார்க்கம் படிச்ச ஆலிம்களும் உண்டு. கண்ணு கலங்கறதுக்கு எவரும் தடை சொல்லல. மகன் மவுத்தானப்ப நபியவங்களே அழுதாங்கம்மா."

"ரெண்டும் சரின்னா தப்பு எங்க இருக்கு?"

ஹஜ்ரத் தாடியைத் தடவினார். "எந்த இடத்துல, யாருகிட்ட சொல்றோம்ங்கறதுல இருக்கலாம்."

அங்கிருந்து நேரே அஃப்ரின் வீட்டுக்குப் போய், கேட்டதை ஒன்று விடாமல் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அன்னைக்கு அழாதேன்னு நீங்கதான் சொன்னீங்க, நபி சொன்னாங்கன்னு. இன்னைக்கு அழுன்னும் நீங்கதான் சொல்றீங்க. எந்த மாமியை நான் நம்பறது?"

ஹதீஸை அறிவிப்பவரின் நம்பகத்தை உரசிப் பார்க்கவென்றே ஆலிம்கள் ஆயுசைக் கழித்திருக்கிறார்கள். அஃப்ரின் ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். பிறகு மறுபடியும் விழுங்கினாள்.

மைமூன் பீவியிடம் வேறு ஹதீஸ் இல்லை. அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடாமல், ரியாத்தில் அடக்கமான தன் மகனுக்காக அழுதார்.