சிவப்புப் பொட்டு வைத்த டம்ளர்

மீன் சுமக்கிற தொழிலில் மீனைவிடச் சீக்கிரம் கெட்டுப்போவது சுமக்கிறவளின் மரியாதைதான். மீனுக்காவது ஐஸ் போடலாம். என்னைப்போலச் சுமக்கிறவர்கள், பெருக்குகிறவர்கள், அடுத்த வீட்டு எச்சில் பாத்திரம் கழுவுகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்களுக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. ஆனாலும் சொல்கிறேன். நாம் சொல்லாவிட்டால் அப்படியெல்லாம் நடக்கவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

மதில்மேல் எனக்கென்று

கருங்கல் ஊர்ப் பக்கம் ஒரு டீச்சர் வீட்டுக்குப் பதினோரு வருஷமாக மீன் கொடுக்கிறேன். டீச்சர் நல்ல மனுஷி. வெயிலில் நடந்து வருகிறேன் என்று தண்ணீர் தராமல் விடமாட்டார். அதற்கென்றே ஒரு எவர்சில்வர் டம்ளர், அடியில் நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு பொட்டு. மழையானாலும் வெயிலானாலும் அது கேட்டுக்குப் பக்கத்தில் மதில்மேல் கவிழ்ந்து கிடக்கும். நான் கேட்டுக்கு வெளியே இருந்து அறுத்துக் கழுவிக் கொடுக்கிற நெய்மீன் நேராக அடுக்களைக்குப் போகும். என் வாய் பட்ட டம்ளர் மட்டும் போகாது.

பொட்டு எதற்கு என்று ஒருநாள் கேட்டே விட்டேன். டீச்சருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. “வேற ஆரும் எடுத்துக் குடிச்சிரப்பிடாதுல்லா பிலோமி, உனக்கும் சுத்தம் வேணும்லா” என்றார்.

பஸ்ஸில் தாராளமாக இடம்

நான் உட்கார்ந்தால் பக்கத்து சீட் தானாகக் காலியாகும். அந்த வசதி கலெக்டருக்குக்கூடக் கிடைக்காது. ஒருநாள் கண்டக்டர் என்னை எழுப்பி, பின்னால் படிப்பக்கம் போய் நிற்கச் சொன்னார். மீன் எல்லாம் விற்றாயிற்று, பாத்திரத்தையும் கழுவியாயிற்று என்று சொல்லிப் பார்த்தேன். அவர் மூக்கைப் பொத்தியபடியே விரலால் இடத்தைக் காட்டினார். போய் நின்றேன். ஜெபமாலையை எடுத்து அவருக்காகவே பத்து மணி சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன ஜெபம் மேலே போய்ச் சேருமா என்று தெரியவில்லை.

சேர்ந்தது போலத்தான் இருந்தது. நான் இறங்குகிற இடம் வந்ததும் மனுஷன் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கிட்ட வந்தார். “அக்கா, நாளைக்கு நல்ல கணவாய் மீன் கெடச்சா எனக்குக் கொஞ்சம் எடுத்து வைப்பியளா?”

மாதாவிடம் ஒரு விண்ணப்பம்

என் மகள் மஸ்கட்டில் நர்ஸ். லீவில் வந்தவள் ஒருநாள் எனக்குத் துணையாக டீச்சர் வீடுவரை வந்து, அந்த டம்ளரைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அழுதாள். ஊர்பேர் தெரியாத எத்தனையோ பேருக்குச் சளியும் ரத்தமும் துடைக்கிறேன், எனக்கு யாரும் பொட்டு வைக்கவில்லையே அம்மா என்றாள். இனி அந்தப் பொட்டு வைத்த டம்ளரில் வாய் வைக்கமாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறினாள்.

அவள் பறந்துவிட்டாள். நான் நடக்க வேண்டுமே. இரண்டு மாதம் “தாகமில்லை டீச்சரே” என்று சொல்லி, நாக்கு அண்ணத்தில் ஒட்ட நடந்தேன். மாதாவே, டீச்சரை ஒன்றும் செய்யாதேயும், அந்தப் பொட்டை மட்டும் எடுத்துப்போடும் என்று தினமும் வேண்டினேன். கூட மீன் விற்கிற திரேசா அக்காவிடம் இதைச் சொன்னதும் அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: “ஏட்டி, மாதாவுக்கு வேற சோலி இல்லியா? பிளேடு வச்சுச் சொரண்டிட்டாப் போச்சு.”

தேங்காய்நார் செய்த புதுமை

மாதா பிளேடு அனுப்பவில்லை, தேங்காய்நார் அனுப்பினாள். டீச்சர் மகனுக்குக் கல்யாணம் பேசி, பெண்வீட்டார் சாப்பிட வந்தார்கள். காலையிலேயே பாத்திரம் கழுவ வந்த பெண்கள் மதில்மேல் கிடந்ததையும் எடுத்துப்போய், சாம்பல் போட்டு நாரால் உரசி, மற்ற முப்பத்தைந்தோடு அடுக்கிவிட்டார்கள். பொட்டு போன இடம் தெரியவில்லை. பெண்ணின் அப்பா எதில் குடித்தார் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம்.

மறுநாள் நான் போனபோது முப்பத்தாறு டம்ளரும் வராந்தாவில் பரப்பியிருந்தன. டீச்சரின் கல்யாணத்துக்கு வந்த சீராம், தூக்கிப்போடவும் மனசில்லை. பதினோரு வருஷத்தில் முதல்தடவையாக எனக்குக் கேட் திறந்தது. உன்னுடையது எது என்று பார்த்துச் சொல் என்றார்.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இரண்டாம் வரிசையில், விளிம்பில் சின்ன நெளிசலோடு இருந்தது. பதினோரு வருஷம் என் உதட்டில் பட்டது எனக்குத் தெரியாதா? ஆனாலும் அவசரப்படவில்லை. ஒன்றையும் விடாமல் முப்பத்தாறையும் கையில் எடுத்து, உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்த்தேன். “எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு டீச்சரே” என்றேன். அது பொய்யில்லை, நாரால் தேய்த்தபின் எல்லாம் ஒன்றுபோலத்தான் மின்னின.

டீச்சர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை பேப்பரிலிருந்து தலை நிமிராத அவருடைய வீட்டுக்காரர் சொன்னார்: “சவத்த விடு. அவ கையில இருக்கதுலயே தண்ணி ஊத்திக் குடு. நேத்து நாம குடிச்சதும் இதுலதானே.”

அந்த வீட்டில் எனக்கென்று ஒரு டம்ளர் இருந்தபோது தாகத்தோடு நடந்தேன். எனக்கென்று ஒன்றும் இல்லாமல் போனபிறகுதான் முப்பத்தாறிலும் குடிக்கிறேன்.