டொரத்தியின் தாளில் நான் மாற்றிய சொல்

டொரத்தி போய்விட்டாள்.

காலமை அவளுடைய மகள் ஜூன் நார்த்மீட்டில் இருந்து போன் பண்ணினாள். "அன்ரி, மம் பாஸ்ட் அவே"... அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

உங்களில் பலருக்கு டொரத்தியைத் தெரியாது. எழுபதுகளில், நான் சிட்னிக்கு வந்த புதிதில், ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேசை. அவள் ஃபைலிங், நான் ரைப்பிஸ்ட்.

கன்சாஸில் பிறந்து, ஒரு ஆஸ்திரேலியனைக் கட்டி இங்கே வந்தவள். முதல் நாள் "நீங்கள் அமெரிக்கனா?" என்று கேட்டேன். "நான் பொட்டவாட்டமி. அமெரிக்கா எங்களுக்குப் பிறகு வந்தது" என்றாள். நான் அது ஏதோ ஊர்ப் பெயர் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

பிறகுதான் விளங்கியது. அமெரிக்காவின் பெரிய ஏரிகளின் கரையில் இருந்த பூர்வீகச் சனம். அவளுடைய பூட்டன் காலத்தில் பட்டாளத்தார் அவர்களைத் துவக்கு முனையில் நடத்திக் கொண்டுபோய்க் கன்சாஸில் விட்டார்களாம். வழியில் செத்த பிள்ளைகளை வழியிலேயே புதைத்தார்களாம். அவள் சாண்ட்விச் சாப்பிட்டபடி சொல்லுவாள். நான்தான் என் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிடுவேன்.

பக்கத்துச் சனங்களையும் உறவு வைத்துத்தான் சொல்லுவாள். ஒஜிப்வே மூத்த அண்ணன், ஒடாவா நடு அண்ணன், பொட்டவாட்டமி கடைசித் தம்பி. நெருப்பு அணையாமல் பார்ப்பது தம்பியின் வேலை.

"அப்ப நீங்கள் கடைக்குட்டி, செல்லம் கூட" என்று பகிடி பண்ணினேன். 'கடைக்குட்டி'யை இங்கிலிஷில் விளங்கப்படுத்தவே அன்றைய லண்ச் முடிந்துவிட்டது.

ஒருநாள் கையால் எழுதிய ஒரு கட்டுத் தாள் கொண்டுவந்தாள். அவளுடைய வம்சம். பிள்ளைகளைத் தங்கள் சனத்தின் பதிவில் சேர்க்க அனுப்ப வேண்டும், ரைப் பண்ணித் தருவாயா என்று கேட்டாள்.

பெயர்களைச் சேர்த்தவன் ஊரில் இருந்த அவளுடைய அண்ணன் வால்ட்டர். கன்சாஸில் வீடு வீடாக ஏறி இறங்கி, வயதானவர்களிடம் கேட்டு, இரண்டு வருஷமாக அவளுக்குக் கடிதம் கடிதமாக எழுதினவன்.

ஒரே ஆளுக்கு மூன்று பெயர். தங்கள் பாஷையில் ஒன்று, பாதிரியார் வைத்த பிரெஞ்சுப் பெயர் ஒன்று, அரசாங்கம் பதிந்த இங்கிலிஷ் பெயர் ஒன்று. ஒரு எழுத்துப் பிழைக்காமல் அடித்தேன். மூன்று சனங்களும் சகோதரர்கள் என்று அவள் எழுதியிருந்ததையும் அப்படியே அடித்தேன், ஒரு கேள்வி கேட்கவில்லை.

கடைசித் தாளில் வால்ட்டரின் பெயர். பக்கத்தில் 'பிரதர்'. ஆனால் தாய் தகப்பன் வேறு.

அவன் டொரத்தியின் அம்மாவின் தங்கச்சி மகன். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். "அவளும் எனக்கு அம்மாதான்" என்று டொரத்தி எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள்.

சின்னம்மாவின் மகன் அண்ணன். அந்த ஒபிஸ் முழுக்க இது விளங்கக்கூடிய ஒரே ஆள் நான்தான்...

ஆனால் அதற்குக் கொஞ்சம் முந்தித்தான் என் மனுசன் தன் பெரியப்பாவின் மகனை இங்கே எடுக்க, குடிவரவுப் பாரத்தில் 'பிரதர்' என்று எழுதி, இவர் கசின்தான் என்று அது திரும்பி வந்திருந்தது. அந்தச் சூடு எனக்கு ஆறவில்லை. இவளுடைய பாரமும் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தேன்.

'கசின்' என்று அடித்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய உதவி செய்துவிட்ட நினைப்பு வேறு.

அவள் என்னை நம்பி, வாசிக்காமலே கையெழுத்து வைத்தாள். ஒரு பிரதி பதிவுக்கு. ஒரு பிரதி வால்ட்டருக்கு.

பதிவு சரிவந்தது. வால்ட்டரிடம் இருந்து ஒரே ஒரு வரி வந்தது. 'நான் உனக்குக் கசின் என்று இவ்வளவு நாளும் தெரியாமல் இருந்துவிட்டேன்.'

டொரத்தி அந்தக் கடிதத்தோடு என் மேசைக்கு வந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. "நானா அப்பிடி எழுதினனான்?"

ஓம், தாளில் அப்படித்தான் இருந்தது என்றேன்.

தாள்கள் எங்கே என்றாள். எறிந்துவிட்டேன் என்றேன். அது மட்டும் உண்மை.

அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. சந்தேகப்பட்டிருந்தால் உளறியிருப்பேன். "இந்த வெள்ளைக்காரரோட இருந்து இருந்து எனக்கும் இவங்கட பழக்கம் வந்திட்டுது" என்று தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரைப் பண்ணினது வேறு ஆள் என்றுகூட அவள் அவனுக்கு எழுதவில்லை. மன்னித்துக்கொள் என்று மட்டும் எழுதினாள். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கார்ட் போட்டாள். பதில் இல்லை. சில வருஷங்களில் அவன் செத்துப்போனான், செய்தியைக்கூட வேறு யாரோதான் அறிவித்தார்கள்.

நாங்கள் சிநேகிதமாகத்தான் இருந்தோம். என் மகளின் கலியாணத்துக்குச் சேலை உடுத்து வந்தாள். என் மனுசன் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் முழுக்கச் சூப் வைத்துக் கொண்டுவந்தாள். நான் வாங்கிக் குடித்தேன். வாயைத் திறக்கவில்லை.

சொல்லியிருக்கலாம். அவன் உயிரோடு இருந்தபோது ஒரு கடிதம், ஒரு முத்திரை... அவ்வளவுதான் தேவைப்பட்டது. வெட்கம். வேறு ஒரு காரணமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவளுடைய இறுதிச் சேர்விஸ். நீங்கள்தான் மம்மின் பழைய சிநேகிதி, நாலு வார்த்தை பேசுங்கள் என்று ஜூன் பின்னேரம் திரும்ப எடுத்துக் கேட்டிருக்கிறாள்.

இதை இங்கே தமிழில் எழுதுகிறேன். அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. எனக்கு அது நன்றாகத் தெரியும்... செவ்வாய்க்கிழமை இங்கிலிஷில் சொல்ல வாய் வருமோ தெரியாது. வர வேண்டும்.

போட்டு வா, டொரத்தி. நீ 'பிரதர்' என்றுதான் எழுதியிருந்தாய்.