முல்கா மூன்றின் நான்கு தட்டுகள்

களிக்கல்லில் ஒரு சில்லைப் பெயர்த்து முன்பற்களுக்கு நடுவே வைத்துக் கடிக்கிறார் மெர்வ் டன்ஸ்டன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தரம் அரைக்கிறார். "நறநறங்குது. வண்டல்தான்" என்று நோட்டில் எழுதுகிறார். வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்திருந்தால் சுத்தக் களி என்று எழுதியிருப்பார். பிறகு ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிய தேநீரால் வாயைக் கொப்பளித்து, துப்பாமல் விழுங்கிவிடுகிறார்.

"பெரியவரே, டிபன் ஆச்சா?" ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்தபடி, அதை ஓட்டும் கோஸ்டா கேட்கிறான்.

"ஆச்சுடா. அறுபது கோடி வருஷத்துப் பழசு. உங்கம்மா பண்ற பாலாடைக்கட்டி அளவுக்கு நாறல."

அடிலெய்டுக்கு வடக்கே இருக்கும் எங்கள் கொட்டகையில், பூமியைத் துளைத்து எடுத்த கல் உருளைகள் தட்டுத் தட்டாகக் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. கேட்கிறவர்களுக்குத் தட்டுகளை இறக்கி மேசையில் பரப்புவது என் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். நிலவியலாளரான மெர்வ் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் வாரத்தில் மூன்று நாள் வந்துவிடுகிறார். கழுத்தில் ஷூ லேஸில் தொங்கும் உருப்பெருக்கி, இடுப்பில் தண்ணீர் தெளிக்கும் புட்டி, சட்டைப் பையில் உடைந்த பிஸ்கட். கல்லைத் தொட்ட கையாலேயே பிஸ்கட்டையும் எடுப்பார்.

வடமேற்குப் பாலைக்கு அடியில் ஒரு பழைய படுகை புதைந்து கிடக்கிறது. மேலே நின்றால் மணலும் முள்புல்லும்தான் தெரியும். அதைப் பற்றி மெர்வ் பேசுவது பக்கத்து வீட்டுக் குடும்பத்தைப் பற்றிப் பேசுவது போலிருக்கும்.

"மொதல்ல தரை அமுங்குச்சு. குண்டன் ஒருத்தன் உக்காந்தா மெத்தை அமுங்குமே, அப்படி. கடல் பாத்துச்சு, எடம் சும்மாத்தான கெடக்குதுன்னு உள்ள வந்துருச்சு. கொஞ்ச காலம் உப்பு, கொஞ்ச காலம் சேறு. அப்புறம் பனி. பனி போனதும் வடக்கால மலை எந்திரிச்சு கல்லும் மண்ணுமா தலையில கொட்டிருச்சு. அது பத்தாதுன்னு எரிமலைக் குழம்பு. கடைசியில மணலைப் போத்திக்கிட்டுப் படுத்துருச்சு, பாவம்."

மற்றவர்கள் மேலே கிடைத்த கல்லில் தொடங்கிக் கீழே போவார்கள். அவர் ஆழத்திலிருந்து வந்த கடைசித் தட்டில்தான் தொடங்குவார். அடியில் இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. "கதைய எவனாவது முடிவுல இருந்து படிப்பானா, நெல்?" என்று என்னைப் பெயர் சொல்லிக் கேட்பார்.

முல்கா மூன்று என்று ஒரு துளை. அதன் தட்டுகளை யாராவது பார்க்கக் கேட்டால், நாற்பத்தொன்று முதல் நாற்பத்து நான்கு வரை மட்டும் மேசைக்கு வராது. "அது மேல மாட்டிக்கிச்சு. என் வரைபடம் இருக்கு, அதைப் பாத்துக்குங்க" என்பார் மெர்வ். நான் ஏணியில் ஏறிப் பார்த்திருக்கிறேன். எதுவும் மாட்டியிருக்கவில்லை. இறங்கி வந்து, கேட்டவர்களுக்கு வரைபடத்தையே எடுத்துக் கொடுத்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தேநீர் நேரத்தில் அவர் ஒரு கதை சொல்வார். எண்பத்து மூன்றில் முல்கா மூன்றின் தட்டுகளை ஏற்றி வந்த லாரி ஓர் ஓடைக்கரையில் கவிழ்ந்தது. அவரும் துளை போடுகிற ஆட்களும் செம்மண்ணில் சிதறிய கற்களைப் பொறுக்கி, வெயிலில் திரும்ப அடுக்கினார்கள். அடுத்த வருடக் கூட்டத்தில் ரீட்டா ஓல்ரிக் என்ற நிலவியலாளர் எழுந்து, அந்தக் கட்டத்தில் கடல் வற்றிப்போனது என்றார். சில மைல் தள்ளி வெளியே தெரிந்த பாறையில் அளந்து வந்திருந்தார். மெர்வின் கற்களோ கடல் மேலும் மேலும் ஆழமானதாகச் சொல்லின.

"'ரீட்டா, உன் குளியல் தொட்டி வத்துனா அதுக்குப் பேரு கடல் இல்லம்மா'ன்னேன். முன்னூறு பேரு சிரிச்சான்." மேசையைத் தட்டிக்கொண்டு முடிப்பார்.

ரீட்டாவின் ஆய்வுக்கு அடுத்த வருடம் யாரும் பணம் தரவில்லை. அவர் கல்லை விட்டுவிட்டு முர்ரே ஆற்றங்கரையில் நாற்றுப் பண்ணை வைத்தார். நாளாக ஆக மெர்வ் அந்தக் கதையின் கடைசி வரியைச் சொல்வதை நிறுத்தினார். பிறகு கதையையே நிறுத்திவிட்டார்.

போன மாதம், எல்லாத் தட்டுகளையும் படம் பிடித்து வைக்கும் இயந்திரம் கொட்டகைக்கு வருவதாகச் சொன்னார்கள். முதலில் முல்கா மூன்று. வெள்ளிக்கிழமை காலை மெர்வ் என்னிடம், "அந்த நாலையும் எறக்கு" என்றார்.

இறக்கினேன். நீளவாக்கில் இரண்டாக அறுத்த கற்கள். தண்ணீர் தெளித்ததும் சிவப்புச் சேற்றில் வெளிறிய மணல் ஆப்பு ஆப்பாகத் தெரிந்தது. சேறு காய்ந்து வெடித்தால் பிளவு மேலே அகலமாகவும் கீழே கூராகவும் இருக்கும். எங்கள் ஊர்க் குட்டையில் கோடைதோறும் பார்த்ததுதான். அந்தப் பிளவில் பிறகு மணல் விழுந்து நிரம்பும். தட்டில் இடப்பக்கம்தான் மேல்புறம். ஆப்புகளின் கூரெல்லாம் இடப்பக்கம் பார்த்திருந்தது. நாலு தட்டுக் கல்லும் தலைகீழாக இருந்தது.

திருப்பி அடுக்க அரை மணி நேரம் போதும். கொட்டகையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. மெர்வ் முதல் கல்லைத் தூக்கினார். வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு எடுத்த மாதிரியே வைத்துவிட்டார்.

"மெஷின்காரன் எப்ப வர்றான்?"

"செவ்வாய்க்கிழமை."

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

திங்கட்கிழமை ரீட்டா ஓல்ரிக் வந்தார். எழுபது வயது. ரப்பர் பூட்ஸ், நகக்கண்ணில் உரமண்.

"இன்னும் அதே பெல்ட்டா, மெர்வ்?"

"ஓட்டை மட்டும் புதுசு."

முல்கா மூன்று முழுவதையும் மேசையில் பரப்பியிருந்தேன். ரீட்டாவும் கடைசித் தட்டிலிருந்துதான் நடக்கத் தொடங்கினார். நாற்பத்து நான்கில் நின்றார். குனிந்து ஓர் ஆப்பின் மேல் விரலை வைத்தார்.

"நான்தான் தலைகீழா அடுக்கினேன்" என்றார் மெர்வ். "லாரி கவுந்தப்ப. நீ சொன்னதுதான் சரி. வத்தித்தான் போயிருக்கு."

ரீட்டா தலையசைத்தார். "அந்த வெயில்ல யாருக்கும் கை தவறும். முழுக் கல்லா இருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காது." பிறகு விரலை அறுத்த முகத்தின் மேல் மெல்ல ஓட்டினார். "இதை எப்ப அறுத்தே?"

போன வாரம் என்று மெர்வ் சொல்லியிருக்கலாம். மறுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

"தொண்ணூத்தி நாலுல."

"அறுத்த அன்னிக்கே தெரிஞ்சுதா?"

"அன்னிக்கே தெரிஞ்சுது."

ரீட்டா கல்லிலிருந்து விரலை எடுத்தார். "எனக்கு அப்ப நாப்பது வயசு" என்றார்.

காலித் தட்டு ஒன்றைக் கேட்டார், கொடுத்தேன். நாற்பத்து நான்கின் கடைசிக் கல்லை எடுத்துத் தலைமாற்றி, காலித் தட்டின் முதல் இடத்தில் வைத்தார். அடுத்த கல்லை எடுத்தார். மெர்வ் பக்கத்தில் போய்க் குனிந்து மூன்றாவது கல்லுக்குக் கை நீட்டினார். ரீட்டா நிமிர்ந்து பார்க்காமல், மண் படாத மணிக்கட்டால் அந்தக் கையை மெதுவாக விலக்கினார்.

கொட்டகைத் தரையில், பார்க்க வருகிறவர்கள் நிற்பதற்காக ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறது. மெர்வ் பின்வாங்கி நடந்து போய், அந்தக் கோட்டுக்கு அப்பால் நின்றுகொண்டார்.