ஜெசிந்தா டீச்சர் சொல்லச் சொன்னது

செய்தி வந்தபோது நான் பட்டறையில் உளி தீட்டிக்கொண்டிருந்தேன். மேசை மேல் கைப்பேசி இரண்டு மூன்று முறை அதிர்ந்தது, எடுக்கவில்லை. ஆசிரியர்கள் குழுவில் யாரோ பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்கிறார் என்று நினைத்தேன். கிரைண்டரை நிறுத்திவிட்டுப் பார்த்தால் ஜெசிந்தா டீச்சரின் படம், கீழே கண்ணீர் அஞ்சலி. முந்தின வாரம்தான் மூச்சுத்திணறல் என்று தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். போய்ப் பார்க்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

கம்பத்துக்கு வெளியே இருக்கும் எங்கள் ஐ.டி.ஐ.யில் அவரிடம் ஆங்கிலம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அவர் வந்த புதிதில் எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. நான் ஃபிட்டர் பாடம் எடுப்பவன்; அந்தப் பையன்களுக்கு ஆங்கிலம் எதற்கு என்பது என் கட்சி. அரம் பிடிக்கிற கைக்கு வாய் எதற்கு என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன். அவர் சண்டைக்கு வரவில்லை. மறுநாள் நீலக் கோட்டு ஒன்றைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, வகுப்பு மொத்தத்தையும் கூட்டிக்கொண்டு என் பட்டறைக்கே வந்துவிட்டார். எனக்கு அரம் பிடிக்கத் தெரியாது, இவர்கள் எனக்கு ஆங்கிலத்தில் சொல்லித் தரட்டும் என்றார்.

அதுதான் அவர் பாடம் நடத்திய விதம். பையன்கள் ஆங்கிலத்தில் கட்டளையிட வேண்டும்; அவர் அதன்படி செய்வார். "நீங்க நெனைக்கிறதை நான் செய்ய மாட்டேன். சொல்றதை மட்டுந்தேன் செய்வேன்" என்பார். ஒருவன் இரும்பை அறுக்கச் சொல்வதாக நினைத்து, அதைக் கவ்வியிருக்கும் வைஸை அறுக்கச் சொல்லிவிட்டான். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் ரம்பத்தை எடுத்து என் புது வைஸின் தாடையில் வைத்தார். நான் அலறியடித்துக்கொண்டு ஓடினேன். பட்டறையே சிரித்தது. என்னைத் தவிர.

இரண்டு மாதத்தில் எனக்கே ஆச்சரியம். நாலு பேர் முன்னால் பெயர் சொல்லக் கூசியவன்கள் அவரை அதட்டி வேலை வாங்கினான்கள். அவர் அடிக்கடி சொன்னது ஒன்று இன்னும் காதில் இருக்கிறது: "தப்பாச் சொன்னா யாரும் சாக மாட்டாக. சொல்லாம இருந்தாத்தேன் கை போகும்." சொல்லாமல் இருப்பதில் நான் தேர்ந்தவன் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

சுருளிப்பட்டிப் பையன் பாண்டி மட்டும் வாயே திறக்கவில்லை. திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிற வீடு. கைவேலையில் வகுப்பிலேயே அவன்தான் முதல். ஆங்கிலம் என்றால் தூண் மறைவில் போய் நிற்பான். டீச்சர் அவனை வற்புறுத்தவே இல்லை. நாலாவது மாதம் ஒரு காலையில் அவனாகவே முன்னால் வந்து, டிரில்லிங் மெஷினில் நான் சொல்கிறேன் என்றான். அன்று அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நன்றாகவே சொன்னான். இரும்பைக் கவ்வி இறுக்கச் சொன்னான், மெஷினைப் போடச் சொன்னான், கைப்பிடியை மெதுவாக இறக்கச் சொன்னான். பாதி ஓட்டையில் டிரில் கவ்விக்கொண்டு இரும்பு ஆடத் தொடங்கியது. பாண்டி உடனே கத்தினான்: "ஸ்டாப், மேடம், ஸ்டாப்!" அவரும் உடனே சிவப்புப் பொத்தானை அழுத்தினார். மெஷின் நிற்கவில்லை. நான் ஓடிப்போய்ச் சுவர் சுவிட்சை அணைப்பதற்குள் இரும்பு பிடுங்கிக்கொண்டு அவர் இடது கையில் அடித்துவிட்டது. ஆட்காட்டி விரல் எலும்பு நொறுங்கியது. கடைசிவரை அந்த விரல் மடங்கவில்லை.

அந்தப் பொத்தான் இரண்டு நாளாகவே வேலை செய்யவில்லை. எனக்குத் தெரியும். சுவர் சுவிட்சைப் போட்டு அணைத்து நான் சமாளித்துக்கொண்டிருந்தேன். பழுது என்று ஒரு அட்டை எழுதி மெஷினில் தொங்கவிட ஐந்து நிமிடம் போதும். நாளைக்கு, நாளைக்கு என்று விட்டிருந்தேன்.

அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நான் செய்த முதல் வேலை, பொத்தானை மாற்றியது. இரண்டாவது வேலை, அறிக்கை எழுதியது. மாணவன் தாமதமாக எச்சரித்ததால் விபத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதோடு பட்டறையில் ஆங்கில வகுப்பு நின்றது. பாண்டியின் ஆங்கிலமும் நின்றது. "என் வாயால்தான் டீச்சர் விரல் போச்சு" என்று அவன் அழுததை மற்றவர்கள் என்னிடம் வந்து சொன்னார்கள். கேட்டுக்கொண்டேன்.

கட்டோடு வேலைக்கு வந்த அன்று டீச்சர் நேராக என்னிடம் வந்தார். புதுப் பொத்தானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிரின்சிபாலிடம் போவார் என்று பயந்தேன். அவர் கேட்டது அதுவல்ல. "பாண்டிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க சார். 'நீ சரியாத்தேன் சொன்னே'ன்னு நான் சொல்லிப் பாத்துட்டேன். ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனைக்கிறான்."

சொல்கிறேன் டீச்சர் என்றேன். சொல்லவில்லை. பாண்டி படிப்பை முடித்துப் போனான். துபாய்க் கம்பெனி ஒன்று ஆளெடுக்க வந்தபோது, இன்டர்வியூ ஆங்கிலத்தில் என்று தெரிந்ததும் வாசலோடு திரும்பிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அப்போதும் சொல்லவில்லை. டீச்சர் ஓய்வு பெற்ற அன்று, மாலையும் கழுத்துமாக என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "சொன்னீகளா சார்?" எப்போதோ சொல்லிவிட்டேன் என்றேன். சிரித்துத் தலையாட்டினார். நம்பிவிட்டார் என்று நிம்மதியாக வடை சாப்பிட்டேன். அதன் பிறகும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் வீட்டு கேக் எனக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

டீச்சரை அடக்கம் செய்த அன்று ராயப்பன்பட்டிக் கல்லறைத் தோட்டத்தில் பாண்டியைப் பார்த்தேன். லோயர் கேம்ப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறான். முன்தலை வழுக்கை விழுந்துவிட்டது. ஒரு பிடி மண் போட்டுவிட்டுக் கையைத் தட்டாமல் நின்றான். வெளிவாசலுக்கு அவனைக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தான், அட்டை, அறிக்கை. அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவன் அப்போதுதான் கை மண்ணைத் தட்டினான். பிறகு சொன்னான்: "எங்கன பாத்தாலும் டீச்சர் கேப்பாக சார், 'உங்க சார் வந்து எதுவும் சொன்னாகளா'ன்னு. இல்லையே, என்ன விசயம்னு கேட்டா சொல்ல மாட்டாக. 'அவரே சொல்வாக, இரு'ம்பாக. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியுங்கூடக் கேட்டாக."

அத்தனை வருடமும் அவருக்கு நான் சொன்னது பொய்யென்று தெரியும். தெரிந்தேதான் கேக் கொடுத்தனுப்பினார். ஒரு வரியில் அவனிடம் அவரே போட்டு உடைத்திருக்கலாம். என் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தார். வாய் திறக்காத எந்த மாணவனுக்கும் அவர் அப்படித்தான் காத்திருந்தார்.

அவர் அரம் போட்டுப் பழகிய இரும்புத் துண்டு ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒரு மூலைகூடச் சதுரமில்லை. பையன்கள் சொல்லச் சொல்ல அவரே எழுத்து அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்த தன் பெயர் அதில் கோணலாக நிற்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், நான் தகுதியில்லாமல் வாங்கிக்கொண்ட அந்தப் பொறுமையும்தான்.

சொல்லிவிட்டேன் டீச்சர். இந்த முறை நிஜமாகவே சொல்லிவிட்டேன்.