சாவியைத் திருப்பிக் கொடுத்த நாள்

கம்பஸ் பக்கத்துப் போர்டிங்குகளின் வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. பலாங்கொடை பஜாரில் புடவைக்கடை வைத்திருந்த ஓர் அக்கா, மாலை நேர வேலையும் கடைக்குப் பின்னால் குறைந்த வாடகைக்கு ஓர் அறையும் தந்தார். ஒன்று போனால் மற்றதும் போய்விடும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். யட்டியாந்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவளுக்கு வேறெப்படித் தோன்றும்? வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் லயத்தில் நாங்கள் குடியிருக்கும் ஒற்றை அறை, அந்தக் காம்பரா, எங்களுக்கு.

தீபாவளி வியாபாரம் சூடுபிடித்தது. "கொஞ்சம் முன்னாடியே வர முடியுமா தங்கச்சி?" என்று அக்கா ஒருநாள் கேட்டார். அதன்பிறகு அவர் கேட்காமலேயே விரிவுரைகளை விட்டுவிட்டுக் கடையில் நின்றேன். விரிவுரைகளுக்கு வரவு போதாது, பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்று விரிவுரையாளர் எச்சரித்த மறுநாள், பையைக் கட்டிக்கொண்டு போய் சாவியை மேசையில் வைத்தேன்.

"வேலைய விட்டுடுறேங்க அக்கா. ரூமை இன்னைக்கே காலி பண்ணிடுறேன்."

அக்கா திகைத்துப் போனார். "ரூமை விடச் சொல்லி யாரு சொன்னா? வாடகை தானே குடுக்கிற? போய்ப் படி புள்ள" என்று சாவியை என் பக்கம் தள்ளினார்.

ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டிருந்தால் போதும். கேட்கப் பயந்தே அத்தனை நாளும் அடைபட்டுக் கிடந்திருக்கிறேன்.

அன்று மாலை அம்மாவுக்குப் போன் எடுத்தேன். வீங்கிய முழங்காலோடு கொழுந்தெடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"வேலைய நிப்பாட்டும்மா."

"நான் நின்னுட்டா காம்பரா யாரு பேர்ல இருக்கும்?"

அம்மா பக்கம் சாவியைத் தள்ள அங்கே யாரும் இல்லை.